இணுவிலில் உறைமோர் திருடப் போன கதை

போன பெப்ரவரியில் எனக்கு ஐந்து நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் வாசகர் ஒருவர் இந்த வலைப்பூவின் கீழே வந்து, "எந்த ஊருக்குப் போனாலும் கோயில், கடற்கரை, பஸ் கட்டணம். மனிதர்கள் வீட்டுக்குள் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளாவது எழுதுங்களேன்" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு நாள் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள், மனிதர் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. கந்தோரில் பக்கத்து மேசை ரமணனிடம் புலம்பினேன். அவனுக்கு ஊர் இணுவில். "என்ரை அக்கா வீட்டிலை மாடு நிக்குது. அவவே கடைஞ்சு வெண்ணெய் எடுக்கிறவ. போய்ப் பார். ஆனால் உன்ரை வாயை இஞ்சை கழட்டி வைச்சிட்டுப் போ" என்றான். வாயை ஏன் கழற்ற வேண்டும் என்று அவன் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கேதான் பிழை விட்டேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி. பிறந்தது பதுளை, பிழைப்பது கொழும்பு, ஒரு கட்டிட நிறுவனத்தில் அளவு கணிப்பது தொழில். சுவரைப் பார்த்தால் எத்தனை கல் என்று எண்ணாமல் தாண்டிப் போக என்னால் முடியாது. என் கலியாணப் பந்தியிலேயே வடையின் கனத்தை விரலால் அளந்து மாமனாரிடம் முறைப்பு வாங்கியவன். இதைச் சொல்லக் காரணம், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வியாதிதான் வித்து.

புதன்கிழமை காலை 5.45க்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினேன். மதியம் 12.50க்கு யாழ்ப்பாணம். இரண்டாம் வகுப்பு முன்பதிவுக்கு 2,200 ரூபா கொடுத்தேன். நீங்கள் போகும்போது மாறியிருக்கலாம், என்னோடு சண்டைக்கு வராதீர்கள். இணுவில் அங்கிருந்து காங்கேசன்துறை வீதியால் ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர். பஸ்ஸில் போனால் சொற்பக் காசு. என்னிடம் பையும் அக்காவுக்கென்று வாங்கிய நான்கு கிலோ பேரிக்காயும் இருந்ததால் ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரர் எண்ணூறு சொன்னார், எழுநூறுக்கு வந்தார். கோண்டாவிலைத் தாண்டும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன அலுவலா வந்தனீங்கள்?"

"வெண்ணெய் கடையிறதைப் பார்க்க வந்தேன் அண்ணே."

"கொழும்பிலையிருந்தோ?"

"ஆமா."

கண்ணாடியைத் திருப்பி என்னை முழுதாகப் பார்த்தார். "கலியாணம் கட்டிட்டியளோ?"

"கட்டியாச்சு."

"மனுசி ஒண்டும் சொல்லேல்லையோ?"

அதற்குமேல் அந்த உரையாடலை நான் வளர்க்கவில்லை. 1.35க்கு வீட்டு வாசற்படலையில் இறக்கிவிட்டார்.

ரமணனின் அக்கா பெயர் தவமலர். ஐம்பத்து நான்கு வயது. அவர் கணவர் சிவபாதம் அண்ணை, முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எட்டு மாதத்துக்கு முன் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்து, இப்போது எண்ணெய், உப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் விலக்கப்பட்டு, கஞ்சியும் அவித்த மரக்கறியுமாக மெலிந்து போயிருந்தார். வளவின் பின்பக்கம் கொட்டிலில் ஒரு செவலைப் பசுவும் கன்றும். கறவை நாளுக்கு ஐந்து லீற்றர். இரண்டு லீற்றரை விற்றுவிட்டு மூன்றைத் தயிர் போடுகிறார்கள். (இதை வந்த ஐந்தாம் நிமிடமே கேட்டுக் குறித்துக்கொண்டேன்.)

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அக்கா விசயத்தைச் சொல்லிவிட்டார்.

"இவர் உள்ளை நெஞ்சைத் திறந்தபடி கிடக்கேக்கை நான் ஆசுப்பத்திரி வாசல்லை நிண்டு நேந்தனான் தம்பி. இந்த மனுசன் நடந்து வீட்டை வந்தால், என்ரை மாட்டுப் பாலிலை, என்ரை கையாலை கடைஞ்ச வெண்ணெயிலை ஆஞ்சநேயருக்குக் காப்புச் சாத்துவன் எண்டு. மாடு அப்ப சினை. மார்கழியிலைதான் கண்டு போட்டது. வாற சனிக்கிழமைக்கு ஐயரிட்டைச் சொல்லியாச்சு. மூண்டு கிழமையா வெண்ணெய்தான் வருகுதில்லை."

"கடையில வாங்கிக் குடுத்தா?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பேரிக்காய் பழுத்திருக்கும். "மனுசன் போனால் கடையிலை வாங்கேலுமோ?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குப் பூவரசங்குழை வெட்டப் போய்விட்டார். நேத்தியைத் தீர்க்காமல் விட்டால் அண்ணைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவர் உண்மையாகவே பயப்படுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செய்முறையைச் சொல்கிறேன். பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, உறைமோர் ஊற்றி வைக்கிறார்கள். அதுதான் பழைய மோரில் ஒரு கரண்டி, பாலைத் தயிராக்குவது. தயிரின் மேல் படியும் ஆடையை மட்டும் தினமும் வழித்து ஒரு மண்முட்டியில் சேர்க்கிறார்கள். இரண்டு நாள் சேர்ந்ததும், விடியலில் வெயில் ஏறமுன், முட்டியைக் குந்தியிருந்து கால்களுக்கிடையில் அணைத்து, தூணில் கட்டிய மத்தைக் கயிற்றால் இழுத்துக் கடைகிறார்கள். அரை மணித்தியாலத்தில் வெண்ணெய் திரள வேண்டும்.

வியாழன் காலை 6.05க்கு அக்கா கடைய உட்கார்ந்தார். நான் சமையலறை மூலையில் கொப்பியுடன் பலகையில் இருந்தேன். அண்ணை கதவருகே கதிரையில். கயிறு வலம் இடமாகப் போய்வந்தது. முதல் பத்து நிமிடம் தண்ணீர்ச் சத்தம். பதினெட்டாம் நிமிடம் சத்தம் கொஞ்சம் கனத்தது. அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை.

"எவ்வளவு வரும் அக்கா? ஒரு கிலோ தேறுமா? இன்னும் எத்தனை நிமிசம்?"

கயிறு நின்றது. அண்ணை மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி கடைந்தார். ஐம்பதாம் நிமிடம் முட்டிக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தது ஒரு கொட்டைப்பாக்கு அளவு.

அதற்குப் பிறகுதான் சட்டதிட்டங்களைச் சொன்னார்கள். கடைகிறபோது வாசலில் நிற்கக் கூடாது. மத்தைத் தாண்டக் கூடாது. பாதியில் எழும்பக் கூடாது. விளக்கு வைத்த பிறகு பால், தயிர், உறைமோர் எதையும் படலைக்கு வெளியே விடக் கூடாது. எல்லாவற்றிலும் பெரிய குற்றம், எவ்வளவு வரும், எப்போது வரும் என்று வாயால் கேட்பது. கேட்டால் நாவூறு பட்டு, திரண்ட வெண்ணெயும் மோருக்குள் போய் ஒளித்துவிடுமாம். நான் ஒரே மூச்சில் இரண்டு கேள்வியையும் கேட்டு, போதாததற்குக் கிலோக் கணக்கும் சொல்லியிருந்தேன்.

"மூண்டு கிழமையா வராத வெண்ணெய்க்கு நேத்து வந்த நான் எப்படி அக்கா பொறுப்பு?" என்று கேட்டேன். வழக்கு என்று வந்தால் வாதாடத்தானே வேண்டும்?

"அது வேறை தம்பி. இண்டைக்கு வர வெளிக்கிட்டது. சத்தம் மாறினது நீங்களும் கேட்டனீங்கள்தானே?" கேட்டதுதான். நான் கொப்பியில் நேரத்தோடு எழுதியும் வைத்திருந்தேன். "கோவியாதேங்கோ. வலது காலை ஒருக்காத் தூக்குங்கோ."

என் காலடி மண்ணில் ஒரு சிட்டிகை, மூன்று செத்தல் மிளகாய், ஒரு பிடி உப்பு. மூன்றையும் முட்டிக்கு மூன்று தரமும், பசுவுக்கு மூன்று தரமும் சுற்றி அடுப்பில் போட்டார். சோதனை இதுதான்: நாவூறு பட்டிருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது. நெடி வந்து தும்மினால் நான் நிரபராதி. வாழ்க்கையில் அவ்வளவு ஆவலாக நான் தும்மலுக்குக் காத்திருந்ததில்லை. ஆறு விநாடிதான். வந்தது பாருங்கள்! அக்கா இருமினார், அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார், கொட்டிலில் பசு தலையை உதறியது. நான் பதினொரு தும்மல் தும்மி, கண்ணீரும் மூக்குநீருமாக, முழுமையாக விடுதலையானேன்.

"அப்ப தம்பியின்ரை நாக்கு இல்லை" என்று அக்கா முகத்தைத் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார். "நான் நினைச்சதுதான் சரி. உவள் கமலாதான்."

கமலா என்பவர் அண்ணையின் தங்கை, அக்காவுக்கு மச்சாள், பக்கத்து வளவு. இரு வளவுக்கும் இடையில் பனையோலை வேலி. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி விட்டிருப்பார்கள், பொட்டு என்பார்கள். இருபத்தைந்து வருடமாக இரண்டு பெண்களும் அந்தப் பொட்டால்தான் கறியும் கதையும் பரிமாறி வந்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பின்னேரம், தன் வீட்டு உறைமோர் கெட்டுவிட்டதென்று கமலா ஒரு கரண்டி கேட்டிருக்கிறார். அக்கா அடுப்பு வேலையில் யோசிக்காமல் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டுத் திரும்பினால் சுவாமி படத்தடியில் விளக்கு எரிகிறது. மறுநாளிலிருந்து இங்கே வெண்ணெய் இல்லை, அங்கே கமலாவின் முட்டியில் குவிந்து வருகிறது.

"என்ரை உறையோடை வெண்ணெயும் அங்காலை போட்டுது" என்றார் அக்கா. பொட்டை ஓலை வைத்துக் கட்டிவிட்டார். மூன்று வாரமாகப் பேச்சில்லை.

இதற்கு ஒரு பரிகாரம் இருக்கிறதாம். அந்த உறைமோர் திரும்பி வர வேண்டும். கேட்டு வாங்கக் கூடாது, காசுக்கு வாங்கக் கூடாது, களவாக எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் எடுத்தால் பலிக்காது, வெளி ஆள் எடுக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்து நான்கு வயது எனக்கு. கந்தோரிலிருந்து ஒரு பென்சிலைக் கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஆனால் விடுதலையான பிறகும், கயிறு நின்றது என் கேள்வியால்தான் என்ற உறுத்தல் போகவில்லை. சரி என்று தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டேன்.

பொட்டு திறந்திருந்தால் ஒன்பது அடி தூரம். ஒழுங்கையால் சுற்றிப் போனதில் நூற்று அறுபது அடி. 11.20க்குக் கமலா அக்கா வீட்டுக்குப் போய், வெண்ணெய் பற்றி எழுதுகிறவன் என்று அறிமுகம் செய்துகொண்டேன். தையல் மெசினிலிருந்து எழுந்து வந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசி (எலுமிச்சை) இலையும் போட்ட மோர் தந்தார். அப்படி ஒரு மோரை நான் குடித்ததில்லை. களவெடுக்க வந்த வீட்டில் இது நியாயமில்லை என்று பட்டது. இருந்தும் இரண்டாவது தம்ளரும் குடித்தேன். பிறகு தண்ணீர் வேண்டும் என்றேன். அவர் கிணற்றடிக்குப் போனதும் சமையலறை மேசையில் இருந்த முட்டியின் மூடியைத் தூக்கி, கரண்டியால் ஊற்றத் தொடங்கினேன். போத்தல் வாய் சிறியது. பாதி மேசையில். நிமிர்ந்து பார்த்தால் கமலா அக்கா செம்புடன் வாசலில் நிற்கிறார்.

"அண்ணை வீட்டுக்கோ?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"உந்தக் கரண்டி காணாது. அகப்பையாலை அள்ளுங்கோ." செம்பை வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். "நான் பாக்கேல்லை. நீங்கள் களவெடுக்கிறியள். நான் தந்ததெண்டால் மச்சாளுக்குப் பலிக்காது."

அகப்பையால் அள்ளத் தொடங்கினேன். அவரே பேசினார்.

"அடுத்த நாளே திருப்பிக் குடுக்க நினைச்சனான் தம்பி. குடுத்தால் நான்தான் வெண்ணெயைக் கொண்டுபோனனான் எண்டு ஒப்புக்கொண்ட மாதிரியாப் போடும். குடுக்காட்டிலும் கள்ளி. நான் என்ன செய்ய? அண்ணை உள்ளை கிடக்கேக்கை நானும் மச்சாளும் ஆசுப்பத்திரியிலை ஒரே வாங்கிலை இரவு பகலா இருந்தனாங்கள். இப்ப சனிக்கிழமை நேத்தி. ஐயர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்." குரல் உடைந்தது. "போங்கோ. நான் கண்டனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

எனக்கு வெட்கமாக இருந்தது. போத்தலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, அன்றைய பாலுக்கு அதையே உறை ஊற்றினார். கமலா அக்கா சொன்னதை நான் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காதாம், நானும் அதற்குள் அந்த வீட்டு ஆளாகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 5.10. பால் கறப்பதைப் படம் எடுக்கலாம் என்று எழும்பினேன். அக்கா கொட்டிலில் கறந்துகொண்டிருந்தார், பாத்திரத்தில் பால் விழும் சத்தம் கேட்டது. சமையலறையில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். சிவபாதம் அண்ணை ஆடை முட்டியின் முன் சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தார். வலது கையில் அகப்பை. இடது கன்னத்துக்குள் ஒரு பனங்கட்டித் துண்டு அடக்கி வைத்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. மீசையெல்லாம் வெள்ளை.

"உறை சரியாப் பிடிச்சிருக்கோ எண்டு பாத்தனான் தம்பி" என்றார்.

நான் அகப்பையைப் பார்த்தேன். பனங்கட்டியை விழுங்கிவிட்டுக் கைகூப்பிவிட்டார். "மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"எவ்வளவு நாளா அண்ணே?"

"ஒரு மூண்டு கிழமை."

"ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி?"

"ரெண்டு... நாலு எண்டு வையுங்கோவன்."

"தேக்கரண்டியா?"

அகப்பையை மெதுவாக உயர்த்திக் காட்டினார். எடுத்த அளவுக்குச் சட்டித் தயிரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்துவிடுவாராம். மூன்று வாரம், நாளுக்கு நான்கு அகப்பை; எண்பத்து நான்கு அகப்பை ஆடை, அறுத்துத் தைத்த ஒரு நெஞ்சுக்குள் போயிருக்கிறது. அந்த நெஞ்சுக்காகத்தான் வெண்ணெய்க்காப்பு. கடவுள் எப்படி இந்தக் கணக்கை நேர் செய்வார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குக் கோபம் கூட வந்தது.

"கமலா அக்கா மேல பழி விழுந்திருக்கு அண்ணே. நீங்க சொல்லணும்."

"சனிக்கிழமை முடியட்டும், சொல்லுறன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இண்டைக்கு என்னை வீட்டிலை இருக்க விடாதேங்கோ. இருந்தால் எடுப்பன்" என்றார்.

ஆகவே இந்தப் பயணத்தில் திட்டமிடாத ஓர் இடம் சேர்ந்தது. அண்ணையின் மோட்டார் சைக்கிளில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, 8.30க்குப் புறப்பட்டு மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போனோம். சுமார் பதின்மூன்று கிலோமீற்றர், நாற்பது நிமிடம். பெற்றோல் 500 ரூபாவுக்கு அடித்தேன், மிச்சம் இருந்தது. படகுகள் வந்து நிற்கும் காலை நேரத்தில் போனால் மீன் ஏலம் பார்க்கலாம். நேத்தி முடியும்வரை வீட்டில் சைவம் என்பதால் எங்களால் பார்க்க மட்டும்தான் முடிந்தது. ஒரு அறக்குளா மீனை அண்ணை பார்த்த பார்வையைக் கண்டு அங்கிருந்தும் அவரைக் கிளப்பினேன்.

கடலைப் பார்த்தபடி ஒரு கல்லில் இருந்தோம். "ஏன் அண்ணே?" என்று கேட்டேன்.

"உப்பில்லாத கஞ்சியைக் குடிக்கக் குடிக்க, நான் வருத்தக்காரன், வருத்தக்காரன் எண்டு நாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் தம்பி. முப்பது வரியம் பஸ் ஓடினவன். ஆடையை வாயிலை வைச்சால் ஒரு நிமிசத்துக்குப் பழைய ஆள் மாதிரி இருக்கும். அவ்வளவுதான்." ஒரு சின்னக் கல்லைக் கடலில் எறிந்துவிட்டு, "அவவிட்டைக் கேக்கேலாது. கேட்டால் அழுவா" என்றார். என் கோபம் அங்கே கரைந்துபோனது. மாலை நான்கு மணிவரை அவரைக் கடற்கரையிலேயே வைத்திருந்தேன்.

சனிக்கிழமை 5 மணிக்கே எழும்பி ஆடை முட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். 6.00க்கு அக்கா குளித்து ஈரத்தலையுடன் கடைய வந்தார். நான் கொப்பியைப் பைக்குள் வைத்துப் பூட்டினேன். மணிக்கூட்டையும் கழற்றினேன். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன். கயிறு போய்வந்தது. சத்தம் மாறியது. கனத்தது. அக்கா கண்ணைத் திறக்கவேயில்லை. பிறகு கயிற்றை விட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, முட்டிக்குள் இரண்டு கையையும் விட்டார். எடுத்தபோது இரண்டு கையும் நிறைந்திருந்தது. வெள்ளை வெளேரென்று, தண்ணீர் சொட்டச் சொட்ட.

"பாத்தியளோ! என்ரை உறை வந்தவுடனை வெண்ணெயும் வந்திட்டுது!" அக்கா சிரித்தார். அடுத்த விநாடி முகம் இறுகியது. "அப்ப அவள் கொண்டுபோனது உண்மைதானே. உடன்பிறந்த அண்ணன்ரை உசிருக்கு வைச்ச நேத்தி எண்டு தெரிஞ்சும். இனி செத்தாலும் அவளின்ரை முகத்திலை முழிக்கமாட்டன். அந்தப் பொட்டைக் கல்லு வைச்சுக் கட்டப்போறன்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை கதிரையின் கையைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். இன்னொரு தரம் செருமினேன்.

"இஞ்சாரும்" என்றார் அண்ணை. "கமலா ஒண்டும் எடுக்கேல்லை. ஆடையைத் திண்டது நான்."

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். அண்ணையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கதிரையோடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் போனார். அக்கா வெண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "மூண்டு கிழமையோ?" என்று கேட்டார். "ஓம்." "பனங்கட்டியோடையோ?" "ஓம்." பனங்கட்டி டப்பா ஏன் குறைகிறது என்று எறும்பைத் திட்டிக்கொண்டிருந்தாராம். உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அழுகைதான் வந்தது.

அழுது முடித்து, வெண்ணெயைப் பாத்திரத்தில் வைத்து மூடி, என்னிடம் தந்து, "தம்பி, நீங்கள் இதோடையே நில்லுங்கோ" என்றார். கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். வேலியில் கட்டிய ஓலையின் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். ஓலையைத் தூக்கி மாட்டுக் கொட்டில் பக்கம் எறிந்துவிட்டு, பொட்டுக்குள் தலையை விட்டுச் சத்தம் போட்டார்.

"எடி கமலா! வெளிக்கிடு. பூசை பத்து மணிக்கு."

மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. மற்றப் பக்கத்திலிருந்து பதில் உடனே வந்தது. "நான் ஆறு மணிக்கே வெளிக்கிட்டிட்டன் மச்சாள். பூவும் கட்டியாச்சு." பட்டுச்சேலையுடன் கமலா அக்கா பொட்டால் நுழைந்தபோது, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாழையிலை நறுக்குவது பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

கோயிலுக்குப் போவதற்கு முன் பயனுள்ள விபரங்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். வெண்ணெய் கடைவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் தை, மாசியில் போங்கள். வெயில் ஏறினால் வெண்ணெய் இளகிவிடும். தெரிந்தவர் வழியாக முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், முதல்நாளே போய்த் தங்குங்கள், கடைவது விடிய ஆறு மணிக்கே தொடங்கிவிடும். காசு கொடுத்தால் கோபிப்பார்கள். மாட்டுக்கு ஒரு மூடை புண்ணாக்கு வாங்கிக் கொடுங்கள், மறுக்கமாட்டார்கள். மணிக்கூடு, தராசு, கொப்பி எதையும் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். எவ்வளவு வெண்ணெய் வந்தது என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதும் சுகமாகத்தான் இருக்கிறது. நாவூறு உண்மையா என்றும் கேட்பீர்கள். உறை திரும்பாவிட்டாலும் அன்று வெண்ணெய் வந்திருக்கும் என்று என் புத்திக்குத் தெரியும். ஆனால் அந்தப் பரிகாரத்துக்காக நான் வேலியைச் சுற்றிப் போகாவிட்டால், கமலா அக்கா மூன்று வாரமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கோயில் நடந்து போகும் தூரம்தான். ஆஞ்சநேயர் ஒன்றரை அடி உயரம். ஐயர் வெண்ணெயைக் குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து பிசைந்து, காலிலிருந்து தொடங்கி முகம்வரை சாத்தி, கண்ணுக்கு இரண்டு முந்திரிகை வற்றலை, அதுதான் உலர்ந்த திராட்சையை, வைத்தார். தீபம் காட்டியபோது அக்கா சத்தமாக அழுதார். கமலா அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். அண்ணை பக்தியோடு சுவாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் விழுங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

பூசை முடிந்தது. ஐயர் சுவாமியின் பாதத்திலிருந்து ஒரு தேசிக்காய் அளவு வெண்ணெயை வழித்தெடுத்து வந்து, "நேத்தி உங்களுக்காகத்தானே, முதல் உங்களுக்கு" என்று அண்ணையின் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணை அசையவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். வெண்ணெய் சூட்டுக்கு இளகி மணிக்கட்டுப் பக்கம் வழியத் தொடங்கியது. கமலா அக்கா தவமலர் அக்காவைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இஞ்சாரும், என்ன செய்யிறது?" என்றார் அண்ணை, சின்னக் குரலில்.

"சாமி தந்ததை வேண்டாம் எண்டு சொல்லப்படாது" என்றார் அக்கா.

அண்ணையின் முகம் மலர்ந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்தார். வெண்ணெயில் ஒரு பங்கை எடுத்துக் கமலா அக்காவுக்குக் கொடுத்தார். ஒரு பங்கை எனக்கு. ஒரு பங்கைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அண்ணையின் உள்ளங்கையில் இப்போது ஒரு பூச்சு மட்டும் மினுங்கியது. "இப்ப சாப்பிடுங்கோ" என்றார்.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கையை நக்கினார். மிக மெதுவாக, விரல் விரலாக. கண்ணைத் திறந்தபோது கலங்கியிருந்தது. அக்கா தன் சேலைத் தலைப்பால் அந்தக் கையைத் துடைத்துவிட்டார். துடைத்த பிறகும் கையை விடவில்லை.

"ஆசை வந்தால் என்னட்டைக் கேளுங்கோ" என்றார். "இல்லை எண்டுதான் சொல்லுவன். எண்டாலும் கேளுங்கோ."